இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு குதிரைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலோரத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. டாக்டர் மீரானின் மகள் நஸீமா.

"ஆன்ட்டி, அத்தா போயிட்டாங்க."

முந்தைய நாள் மதியம் சாப்பிட்டிருக்கிறார். ரசத்தில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லியிருக்கிறார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"மூணு, மூணே கால் இருக்கும் ஆன்ட்டி."

"மூன்றா, மூன்றே காலா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. நஸீமா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "அத்தா எப்பவும் சொல்வாங்க. நான் செத்தாலும் டீச்சரம்மா டைம் கேப்பாங்கன்னு."

நான் எந்தப் பள்ளியிலும் ஆசிரியையாக இருந்ததில்லை. 'டீச்சரம்மா' என்பது அவர் எனக்கு வைத்த பெயர். முதல் ஆறு மாதம் அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அதை விட்டால் வேறு பெயரில் அவர் அழைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பிற்காலத்தில்தான் தெரியும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்து மொழிபெயர்த்தவர். "குதிரை டொக்டர் ஐயா இருக்கிறாரோ?" என்று அவர் வீட்டு வாசலில் வந்து கேட்டவர்கள் இன்று தாத்தாக்களாகிவிட்டார்கள். ஏன் குதிரை டாக்டர் என்ற பெயர் வந்தது என்று அவர்களில் அநேகருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

1967-இல் நாங்கள் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் குடியிருந்தோம். என் கணவர் சேவியர் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேதியியலாளர். ஒரு ஜனவரி மாலை அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பின்னாலிருந்து யாரோ "சனியன் புடிச்ச குளிரு" என்று முனகியது கேட்டதாம். திரும்பி, "ஆமாங்க" என்றிருக்கிறார். இரண்டு பேரும் அந்தப் பேருந்தையும் அடுத்ததையும் விட்டுவிட்டார்கள். அன்றிரவு எங்கள் மேசையில் மூன்றாவது தட்டு வைத்தேன்.

சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர் என்றார். திண்டுக்கல்காரர். நான் என் வழக்கப்படி, "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டேன்.

"அத்தாவா? திண்டுக்கல் ஸ்டேஷன்ல ஜட்கா ஓட்டுறாங்க." பருப்பைச் சோற்றில் பிசைந்தபடி சொன்னார். "ராவுத்தர்னா குதிரைப் படைக்காரன்னு பெருமையாச் சொல்வாங்க. எங்க படையில மொத்தம் ஒரே குதிரை. அதுக்கும் ஒரு கண்ணு தெரியாது."

சேவியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் தந்தை திருச்சியில் தாசில்தாராக இருந்தவர். ஜட்கா ஓட்டுகிறவரின் மகன் என் மேசையில் உட்கார்ந்து, நான் மணப்பெண்ணாகக் கொண்டுவந்த தட்டில் சாப்பிடுகிறார் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. அந்த எண்ணத்துக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு.

சாப்பாடு முடியும் முன் அவர் எனக்கு ஒரு வேலையும் கொண்டுவந்துவிட்டார். "எனக்கு ஜெர்மன் பேச வருதுங்க. எழுதுனா மட்டும் புரொஃபஸர் அழுவுறார்." என் கான்வென்டில் ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரி இருந்தார். எனக்கு அந்த மொழியைப் பிழையில்லாமல் எழுதவும், பிழையிருந்தால் வெட்கப்படவும் பழக்கியவர் அவர். மறுவாரமே, வாரத்துக்கு மூன்று நாள் எழுத்தராக, அவருடைய ஆய்வு நிலையத்தில் நான் சேர்ந்துவிட்டேன்.

வேலை காட்டுக் குதிரைகளைப் பற்றியது. முன்ஸ்டரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பிர்ச் மரமும் ஓக் மரமும் சதுப்பும் புல்வெளியும் கலந்த ஒரு பெரிய நிலம் இருந்தது. ஊரார் அதைப் புரூக் என்பார்கள். மூன்று கிராமங்களுக்கும் வனத்துறைக்கும் பொதுவான மேய்ச்சல் காடு. அதில் குட்டையான, எலியின் நிறமுள்ள குதிரைகள் தலைமுறை தலைமுறையாகத் தம் போக்கில் வாழ்ந்தன. பிடரியிலிருந்து வால்வரை முதுகில் ஒரு கறுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. லாடம் கிடையாது, லாயம் கிடையாது. கடும் பனியில் மட்டும் ஊரார் வைக்கோல் போடுவார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் பெரிய திருவிழா. ஓராண்டு நிறைந்த ஆண் குட்டிகளை ஊர் இளைஞர்கள் கயிறில்லாமல் வெறுங்கையால் பாய்ந்து பிடிப்பார்கள். பிடித்தவற்றை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். பாண்டு வாத்தியம், தொத்திறைச்சி, பீர். கிழிந்த சட்டையோடு பையன்கள் எழுந்து நிற்க, பெண்கள் கைதட்டுவார்கள். குதிரைக் கூட்டம் பெருகாமல் இருக்க அவர்கள் அறிந்த ஒரே வழி இதுதான். பெண்குதிரையை மட்டும் தொடக் கூடாது. கூட்டம் முந்நூறைத் தாண்டினால்தான் பெண்குதிரையைப் பிடிக்கலாம் என்பது தாத்தா காலத்து விதி.

மீரான் அந்த நிலத்தை இரண்டு வருடம் நடந்தே அளந்தார். முந்நூறு என்று விதித்த காலத்தில் புரூக் அகலமாக இருந்தது. பிறகு ஒரு பக்கம் உருளைக்கிழங்கு வயலாயிற்று. இன்னொரு பக்கம் சாலை போயிற்று. நிலம் சுருங்கியது, எண் அப்படியே நின்றது.

"பந்தி பாதியாச் சுருங்கிடுச்சு, இலை மட்டும் முந்நூறு போடுறாங்க டீச்சரம்மா" என்பார். பிர்ச் மரங்களின் பட்டை குதிரையின் கழுத்து எட்டும் உயரம் வரை உரிந்து கிடந்ததை எனக்குக் காட்டினார். "பசிக்காத குதிரை மரத்தைத் தின்னாது."

நாற்பது பெண்குதிரைகளைப் பிடித்து நல்ல வீடுகளுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கடும் குளிர்காலத்தில் கண்ணெதிரே சாகும் என்பது அவருடைய முடிவு. ஊர் கேட்கவில்லை. எதிர்த்தவர்களில் முதலாமவர் யோசெஃப் என்ற கிழ விவசாயி. குதிரை பிடிக்கும் விழாவுக்கு மூன்று தலைமுறையாக ஆள் அனுப்பிய வீட்டுக்காரர். வேலியோரம் எங்களைப் பார்த்தால் புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடியே பேசுவார்.

"டாக்டர், உங்க ஊருல மாட்டைத் தொட மாட்டாங்களாமே. இங்க வந்து எங்க குதிரையைத் தொடச் சொல்றீரு."

"நான் முஸ்லிம் ஐயா. மாடு சாப்பிடுவேன்" என்றார் மீரான், தன் உடைந்த ஜெர்மனில். "குதிரைதான் சாப்பிட மாட்டேன். உங்க ஊர்க் கசாப்புக் கடையில தொங்குறதைப் பார்த்தேன்."

கிழவர் குழாயை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் ஊர்க்கூட்டத்தில் ஆதரவாகக் கையைத் தூக்குவதாகச் சொல்லவில்லை.

இனி என்னைப் பற்றி. கணக்கேடுகள் என் பொறுப்பு. கான்வென்டில் கற்ற ஒரு விதியை அங்கே நான் சட்டமாக்கினேன். தவறான எண்ணை அழிக்கக் கூடாது, மை தடவி மறைக்கவும் கூடாது. பழைய எண் படிக்கும்படி அதன்மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் சரியான எண். ஓரத்தில் திருத்தியவர் கையெழுத்து. மீரான் ஒருமுறை ரப்பரால் அழித்துவிட்டார். அந்தப் பக்கத்தை முழுக்கத் திரும்ப எழுத வைத்தேன். "ஜெயிலராகப் போயிருக்கணும் நீங்க" என்று முணுமுணுத்தபடி எழுதினார்.

1969 வசந்தத்தில் நான் எழுதிய குட்டிக் கணக்கைப் பார்த்து, "ஒண்ணு கூட இருக்கே டீச்சரம்மா, நான் எண்ணுனப்ப ஒண்ணு கம்மி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். இரண்டு ஜெர்மன் மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது.

"ஜட்கா ஸ்டாண்டுல வேணா விரல் விட்டு எண்ணுவாங்க டாக்டர். எங்க ஸ்கூல்ல தப்பாக் கூட்டுனா முழங்கால்ல நிக்கணும். நான் தப்பா எண்ண மாட்டேன்."

மறுநாள் மீண்டும் எண்ணினோம். என் கணக்குத்தான் சரியாக இருந்தது. "மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா" என்றார். நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அன்று எண்ணிக்கையில் நான் தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த அக்டோபரில் பெரிய எண்ணிக்கை. கிராமத்தார் தகரம் தட்டிக் கூட்டத்தைக் கோடை மேய்ச்சல் பக்கத்திலிருந்து குளிர்கால மேய்ச்சல் பக்கத்துக்கு ஓட்டுவார்கள். நடுவில் ஒரு ஒடுக்கமான மண்கரை. அதன் நுழைவாயிலில் மீரான், வெளிவாயிலில் நான். இருவரும் தனித்தனியே எண்ணி, அவரவர் குறிப்பேட்டில் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் மறுநாள் ஊரையே கூட்டித் திரும்ப ஓட்ட வேண்டும்.

அன்று மூடுபனி. குதிரைகள் புகைக்குள்ளிருந்து வந்து புகைக்குள் போயின. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். கண்ணில் பட்ட அடையாளங்களையும் எழுதினேன். நெற்றியில் வெள்ளை. இடது காது கிழிந்தது, கூடவே நொண்டும் குட்டி. முன்னங்காலில் வரிகள். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

முடிந்ததும் மீரான் கரைமேல் நடந்து வந்தார். குறிப்பேடு மூடியிருந்தது.

"முதல்ல உங்க கணக்கச் சொல்லுங்க டீச்சரம்மா."

"முந்நூற்றுப் பதினொன்று."

அவர் எங்கோ பனிக்குள் பார்த்தார். பிறகு திரும்பிக் குறிப்பேட்டைத் திறந்து ஏதோ எழுதினார். "சரி. எனக்கும் அதேதான்" என்றார்.

முந்நூற்றுப் பதினொன்று. விதித்த எண்ணைத் தாண்டிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் இனி யாரும் மறுக்க முடியாது. அன்று ரயிலில் திரும்பும்போது அவர் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு என் குறிப்புகளைச் சுத்தப் பிரதி எடுத்தேன். காட்டுக் குதிரைகள் குடும்பம் குடும்பமாக நடக்கும். முன்னால் போகும் பெண்குதிரை, அதன் பின்னால் அடுத்தது என்று வரிசை மாறாது. நூற்று நாற்பதாவது கோட்டருகே 'இடது காது கிழிந்தது, நொண்டும் குட்டி' என்று எழுதியிருந்தேன். இருநூறைத் தாண்டி மறுபடி 'இடது காது கிழிந்தது, நொண்டும் குட்டி'. அதற்கு முன் நெற்றியில் வெள்ளை. அதன் பின் முன்னங்கால் வரி. பதினேழு குதிரைகள், அதே வரிசையில் இரண்டு முறை. என்னைக் கடந்துபோன ஒரு குடும்பம் பனியில் கரையின் நடுவே இருந்த வேலி உடைப்பு வழியாகச் சுற்றித் திரும்பி, மீண்டும் என் முன்னால் போயிருக்கிறது. நான் மீண்டும் எண்ணியிருக்கிறேன். அவருக்கும் எப்படி அதே எண் வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முந்நூற்றுப் பதினொன்றில் பதினேழு போனால் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

நான் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தாழ்வாரத்தில் நான் நடந்ததில்லை. சொன்னேன். வரிசைகளைக் காட்டினேன். அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இருநூத்தித் தொண்ணூத்தி நாலா?"

"ஆமாம்."

"நாலுதானா? நல்லாப் பாத்தீங்களா?"

"மூன்று தடவை பார்த்தேன்."

என்னை வெகுநேரம் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் அவரிடம் கண்டதில்லை. கைக்கு வந்தது போகிறதே என்ற வருத்தம் என்று அன்று அதைப் புரிந்துகொண்டேன். என் பிழை, கூட்டத்தில் நானே சொல்கிறேன் என்றேன்.

"நீங்க சொல்லக் கூடாது. நான் சொல்றேன்" என்றார். அதற்குமேல் விவாதிக்க விடவில்லை.

ஊர் விடுதியின் கூடத்தில் கூட்டம். சுருட்டுப் புகை, ஈரக் கோட்டுகளின் வாடை. மீரான் எழுந்தார். ஜெர்மனில் நான் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவேயில்லை.

"உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் முந்நூற்றுப் பதினொன்று என்று எழுதியிருந்தேன். அது தவறு. இருநூற்றுத் தொண்ணூற்று நான்குதான். பிழை என்னுடையது."

தலைமை வகித்த வன அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் உங்கள் கோரிக்கை விதிப்படி விழுந்துவிடும், தெரியுமா?"

"தெரியும். விழும். ஆனா புல்லு இருநூறுக்குக்கூடப் போதாது. அதையும் எழுதிக்குங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இந்தியாவுல பள்ளிக்கூடத்துல எண்ணக் கத்துக் குடுக்கறதில்லையா?" என்று ஒரு குரல். எனக்கு நாற்காலியை விட்டு எழ வேண்டும் போலிருந்தது. மீரான் கையைச் சற்றே அசைத்தார். உட்கார்ந்திருக்கச் சொல்லும் அசைவு. உட்கார்ந்தேன். யோசெஃப் கிழவர் மட்டும் சிரிக்கவில்லை, குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மீரானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் நீண்டது. பனி விழுந்தது, உருகியது, உருகியது மீண்டும் கண்ணாடிபோல் உறைந்தது. அந்தப் பனிப்பாளத்தைக் குளம்பால் உடைத்துப் புல்லை எட்ட வலுவில்லாத குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. மீரான் வாரம் முழுவதும் அங்கேயே தங்கினார். ஊராரோடு வைக்கோல் சுமந்தார். போதவில்லை. கிராமத்தின் வைக்கோல் அவர்களின் மாடுகளுக்கே எட்டவில்லை. பன்னிரண்டு குதிரைகள் செத்தன. ஒவ்வொன்றையும் நான்தான் ஏட்டில் எழுதினேன். கடைசியாக எழுதியது இடது காது கிழிந்த பெண்குதிரை. சினையாக இருந்தது.

அன்று பேனாவை வைத்துவிட்டு அவரிடம் கேட்டேன். "நான் வாயைத் திறக்காமலிருந்தால் நாற்பது குதிரை நல்ல வீட்டுக்குப் போயிருக்கும். இது பிழைத்திருக்கும். இல்லையா?"

"பொழச்சிருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லி ஆறுதல் கூறுகிறவர் அல்லர். "ஆனா அடுத்த வருஷம் எவனாவது எண்ணிப் பாத்திருப்பான். அப்புறம் நாம சொல்ற எதையும் இந்த ஊரு நம்பாது. அப்ப மொத்தக் கூட்டமும் போயிடும்." கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அந்த நம்பருக்கு நான்தான் பொறுப்பு. உங்களுக்கு அதுல பங்கு இல்ல. இனிமே கேக்காதீங்க."

கேட்கவில்லை. என் பிழையைத் தன் தலையில் சுமக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றுமுதல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் மணப்பெண்ணாகக் கொண்டுவந்த அந்தத் தட்டைத்தான் அவருக்கு எடுத்து வைத்தேன். காரணம் அவருக்குத் தெரியாது.

ஏப்ரலில் மீண்டும் ஊர்க்கூட்டம். மீரான் எழும் முன்பே யோசெஃப் கிழவர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லையாம்.

"போன தடவை இந்த ஆளு தனக்கு எதிரா ஒரு நம்பரைச் சொன்னாரு. நாம சிரிச்சோம். நான் எழுபது வருஷமா இந்த ஊருல இருக்கேன். தனக்கு எதிரா நம்பர் சொன்னவன் ஒருத்தனையும் பார்த்ததில்ல. இனி இவரு எந்த நம்பர் சொன்னாலும் நான் கையைத் தூக்கறேன்."

தூக்கினார். பக்கத்து வரிசையில் ஒரு கை எழுந்தது, பிறகு பல. முந்நூறு என்ற விதி போயிற்று. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புல்வெளியை நடந்து பார்த்து, எத்தனைக்குப் புல் இருக்கிறதோ அத்தனையே நிறுத்துவது என்று எழுதினார்கள். எழுதியது நான்தான்.

முதல் முறை பெண்குதிரைகளைப் பிடித்த நாள் நினைவிருக்கிறது. ஆண் குட்டிகளைப் போல் பாய்ந்து பிடித்தால் குட்டியும் சினையும் நசுங்கும். இளைஞர்களை மீரான் வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார். தனியாக உள்ளே போனார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ட்ளக், ட்ளக்' என்றார். "ஹை, ஹை, வாடி தாயி" என்றார். திண்டுக்கல் ஸ்டேஷனில் ஜட்காக்காரர்கள் போடும் அதே சத்தம். முன்னால் போகும் பெண்குதிரை காதைத் திருப்பியது. இரண்டடி வந்தது. பிறகு அதன் குடும்பம் முழுவதும் வரிசை மாறாமல் அவர் பின்னால் கொட்டடிக்குள் நடந்துபோயிற்று. வேலியெங்கும் ஊரார் வாய் திறந்து நின்றார்கள்.

"என்ன மந்திரம் அது?" என்று கேட்டார் யோசெஃப்.

"எங்க அத்தா குடுத்த சொத்து" என்றார் மீரான். பிறகு தமிழில் என் பக்கம் திரும்பி, "ஜட்கா ஸ்டாண்டுலயும் கொஞ்சம் பாடம் நடக்கும் டீச்சரம்மா" என்றார். ஒரு வருடத்துக்கு முன் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஆனால் கண்ணில் கோபமில்லை, குறும்புதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் குழந்தைகளெல்லாம் கோவிலுக்குப் போகும் வழியில் 'ட்ளக், ட்ளக்' என்று போனார்கள்.

குதிரை வாங்க வந்தவர்களிடம் அவர் இரண்டே கேள்விகள் கேட்பார். "துணைக்கு இன்னொரு குதிரை இருக்கா? தண்ணி எங்க இருக்கு?" தனியாக வைத்துக்கொள்ளப் போகிறவர்களை, எவ்வளவு பெரிய மனிதரானாலும், திருப்பி அனுப்பிவிடுவார். "பேச ஆளில்லாத ஊர்ல இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்பார். அந்த நாட்களில் முன்ஸ்டரில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மூன்றே பேர்.

பெருநாளன்று எங்கள் சமையலறையில் அவரே பிரியாணி செய்வார். எலுமிச்சை கிடைத்தால் கிறிஸ்துமஸுக்கு நான் ஊறுகாய் போடுவேன். எழுபத்தாறில் அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகும்வரை இந்த ஒழுங்கு தவறவில்லை. சேவியர் இறந்தபோது மீரான் ஆறு மணி நேரம் ரயிலில் வந்தார். எதுவும் பேசாமல் என் சமையலறைக்குப் போய் ரசம் வைத்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை. அவரிடம் நான் குறை சொல்லாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

ஜனாஸா தொழுகை முடிந்த பிறகு நஸீமா ஒரு உறையை என் கையில் கொடுத்தாள். "போன மாசமே அத்தா எடுத்து வச்சிருந்தாங்க. டீச்சரம்மாகிட்ட குடு, பாத்துத் திருத்திக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க."

உள்ளே 1969-ஆம் ஆண்டின் குறிப்பேடு. அட்டையில் சதுப்புச் சேறு காய்ந்திருந்தது. அக்டோபர் எண்ணிக்கைப் பக்கத்தில், பென்சிலில், ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள். அடியில் அவர் எழுதிய கூட்டுத்தொகை: 294. அதன்மேல் ஒரு ஒற்றைக் கோடு, படிக்கும்படியாக. பக்கத்தில் 311. அதன் கீழே, 'டீச்சரம்மா தப்பா எண்ண மாட்டாங்க.'

நான் அடக்கம் நடந்த மையவாடி வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சரியாக எண்ணியிருந்தார்; அந்தப் பதினேழும் அவர் வாசலை ஒரு முறைதான் கடந்திருக்கின்றன. என் முன்னால் நடந்து வந்தபோதே சரியான எண் அவர் கையில் இருந்தது. இத்தனை வருடம் என் பிழையை அவர் சுமந்தார் என்று நினைத்திருந்தேன். என் கர்வம்தான் அவர் வாயை அடைத்திருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். ஊர்க்கூட்டம் நடந்த நாளின் தேதி. 'இன்னிக்குச் சொல்லிட்டேன். அவங்க தப்பா எண்ண மாட்டாங்கன்னு எழுதினது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த நம்பர் எனக்கு வேண்டியிருந்தது. அவங்க தைரியமா வந்து சொன்னாங்க. நான் சொல்லலை. அவங்ககிட்ட இதைச் சொல்லணும்.'

கடைசி வரியின் கீழ் பேனாவில், நடுங்கும் கையெழுத்தில், சமீபத்தில் எழுதிய ஒரு சொல்: 'சொல்லலை.'

அவரை அறிந்தவர்களே, அவர் பிழையே செய்யாத மனிதர் என்று நீங்கள் நினைத்திருந்தால், அவர் அதை விரும்பமாட்டார். பதினேழு குதிரைகளை இரண்டு பேருமாகச் சேர்ந்து தவறவிட்டோம். நான் கண்ணால், அவர் வாயால். மறுநாளே அவர் சொல்லியிருந்தால், மறுநாளே மீண்டும் எண்ணியிருப்போம். முடிவு மாறியிருக்காது. ஆனால் ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் தனித்தனியே அதைச் சுமந்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, கைகழுவி, அவருக்கு வைக்கும் அந்தத் தட்டை அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தேன். மேசை விளக்கைப் போட்டேன். குறிப்பேட்டில் 311-இன் மேல், பழையது படிக்கும்படி, ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் 294 என்று எழுதினேன். 'டீச்சரம்மா தப்பா எண்ண மாட்டாங்க' என்ற வரியின்மேலும் ஒரு கோடு. ஓரத்தில், திருத்தியவர் என்ற இடத்தில், என் கையெழுத்தைப் போட்டேன்.

294-ஐ அவர் 311 ஆக்கிய இடத்தில் அவருடைய கையெழுத்து இல்லை. திருத்தினால் கையெழுத்திட வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். குறிப்பேடு என்னிடம்தான் இருக்கும்.